புள்ளலூர்க் கைத்துப்பாக்கிகளும் புலிவரிச் சான்றும்

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில், கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் முறியடித்தனர். காஞ்சிபுரத்தில் பாசறையிட்டிருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ, கனத்த பீரங்கிகளை ஊர்க்குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார். இப்போரில் கைப்பற்றப்பட்டது என்று ஒரு கைத்துப்பாக்கி விலைக்கு வந்தால் எதைக் கொண்டு நம்புவது? புலிவரிப் பொறிப்பே போதும் என்பது பலர் எண்ணம். புள்ளலூரைப் பொறுத்தவரை அந்தப் பொறிப்பு உரிமைக்கோரலை உடைக்கும் சான்று என்பதே என் முடிவு.

1780இல் ஆட்சி ஹைதருடையது. 1782 டிசம்பரில் அவர் இறந்த பின்னரே திப்பு அரியணை ஏறினார். பீரங்கி முதல் சிப்பாய் உடைவரை புலிவரியை அரசு அடையாளமாக்கியவர் திப்புவே. அவர் புகுத்திய மவுலூதி ஆண்டுக்கணக்கு 1787 வாக்கில் வந்தது. அதன் இலக்கங்கள் வலமிருந்து இடமாகப் படிக்கப்பட வேண்டியவை. 1224 என்ற ஆண்டு பழக்கமில்லாத கண்ணுக்கு 4221 எனத் தெரியும். அத்தகைய ஆண்டு பொறித்த துப்பாக்கி புள்ளலூரைக் கண்டிருக்க முடியாது. ஹைதரின் பெயர்க்குறி இருக்கிறதே என்பார்கள். தந்தையின் பெயர்க்குறியைத் திப்பு தன் நாணயங்களிலும் தொடர்ந்து இட்டார். ஆகவே அதை மட்டும் வைத்துக் காலம் கணிக்க இயலாது.

கம்பெனிக் கருவியானால் நான்காகப் பகுத்த இதய வடிவ வணிகமுத்திரையையும், சக்கிமுக்கிப் பூட்டின் தகட்டில் செய்தவர் பெயரையும் ஆண்டையும் தேட வேண்டும். ஆண்டு 1780ஐத் தாண்டினால் வழக்கு முடிந்தது. முத்திரை இல்லாததாலேயே ஒன்றைத் தள்ளிவிடவும் கூடாது: காலாட்படையின் கருவி நீள்துப்பாக்கி; அதிகாரிகளோ கைத்துப்பாக்கியைச் சொந்தப் பணத்தில் வாங்கினர்.

ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் புள்ளலூர்ச் சுவரோவியத்தைச் சிலர் சாட்சிக்கு அழைக்கின்றனர். ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் டல்ஹௌசி காலத்தில் அது மீண்டும் தீட்டப்பட்டது. அதில் காணும் பூட்டின் வளைவை 1780இன் வளைவாகக் கொள்ளலாகாது. புள்ளலூரில் நிற்கும் நினைவுத்தூண்களும் 1781 ஆகஸ்டு 27இல் நடந்த இரண்டாம் போரில் இறந்த பிரௌன், ஹிஸ்லாப் இருவருக்கானவை. இரு போர்களையும் ஒன்றாக்கும் விற்பனைக் கதையை அங்கேயே மறுத்துவிடலாம்.

2015இல் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில், ராபின் விகிங்டன் திரட்டிய திப்பு காலப் பொருள்கள் முப்பது, 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. அந்த விலை பொய்ப்பொறிப்புக்கும் தூண்டுகோல். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் அதே அளவு கேடு. மெல்லிய பொறிப்பு அரத்துக்குத் தாங்காது.

புள்ளலூர் வயலில் ஏர் முனையில் பழங்கருவி ஏதேனும் தட்டுப்பட்டால் தேய்க்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கேட்பதும் ஆட்சியருக்குத் தெரிவிப்பதையே.