“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ”: ஒரு வீட்டு வாசலின் வரலாறு

போன விடுமுறைக்கு கம்பஸ் நண்பி ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விறாந்தையில் இருந்த அம்மம்மா எழும்பி, “வாங்கோ பிள்ளை, இருங்கோ” எண்டு கதிரையை இழுத்துப் போட்டா. “சாப்பிட்டியளோ?” எண்டு கேட்டா. அடுத்த கேள்வி, “பிள்ளை ஊரில எந்தப் பக்கம்?” நண்பி சொன்னாள். “ஆற்றை மகள்?” அதையும் சொன்னாள். அம்மம்மா “ஓ” எண்டு சொல்லிவிட்டு உள்ளுக்குப் போனா.

கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி வந்தது. ஆரும் வந்தால் அலுமாரியில் இருந்து எடுக்கிற பூப்போட்ட கப்பில் இல்லை, கடதாசிக் கப்பில். நண்பி குடிச்சாள். பஸ்ஸுக்கு விடப் போகேக்கை, “உங்கட வீட்டில கப் எல்லாம் கழுவிக் கவிட்டு வைச்சிருந்ததைப் பாத்தனான்” எண்டு மட்டும் சொன்னாள்.

எனக்கு நிலம் பிளந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத் தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை.

யாழ்ப்பாணத்தாரின் விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது நாங்கள் முதலில் கட்டடங்களைத்தான் காட்டுவோம். பழைய வீடுகளின் தெருவாசலில் கூரை போட்ட சங்கடப்படலை இருந்தது. தெருவால் போறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் அதில் ஒதுங்கலாம். பாரம் சுமந்து வருவோருக்குச் சுமைதாங்கிகள் இருந்தன. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலாகவே கட்டப்பட்ட தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. நாற்சார் வீட்டுக்குள் வந்தால் திண்ணை, தலைவாசல், நடுவில் முற்றம். கால் கழுவச் செம்பில் தண்ணி, இருக்கப் பாய், பிறகு வெத்திலைத் தட்டம். இதெல்லாம் உண்மைதான், பெருமைப்படவும் இடமிருக்கிறது.

ஆனால் அதே வீட்டின் அமைப்பை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். படலையோடு நிற்க வேண்டியவர் ஆர், முற்றத்தில் நிற்கக் கூடியவர் ஆர், திண்ணையில் இருக்கலாமா, தலைவாசல் தாண்டலாமா, குசினி வரைக்கும் வரலாமா எண்ட ஒவ்வொரு படியும் சாதியின் அளவுகோலாக இருந்தது. ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பேர் இரண்டு வேறு வீடுகளைக் கண்டிருப்பார்கள். ஒருவருக்குப் பளபளக்கத் துலக்கிய மூக்குப்பேணி. மற்றவருக்கு வேலிக்கரையில் சிரட்டை, அல்லது எட்டத்தில் நிண்டு கையில் ஊத்தப்படுகிற தண்ணி. எங்கள் கலாசாரச் சின்னமாக இன்று கண்ணாடி அலுமாரிகளில் வைக்கிற மூக்குப்பேணியே உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிறதுக்கான பாத்திரம்தான். அதில் சுத்தமும் இருந்தது, தீட்டுப் பற்றிய பயமும் இருந்தது.

விருந்தாளியை வரவேற்க நாங்கள் பாவிக்கிற சொற்களைப் பாருங்கள். கதிரை, மேசை, விறாந்தை, அலுமாரி, குசினி: எல்லாம் போர்த்துக்கேயம் தந்தவை. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினார்கள். ஆட்சிகள் போய்விட்டன, கதிரை நிண்டுவிட்டது. வந்த தளபாடம் புதிசு எண்டாலும் அதில் ஆர் இருக்கலாம் எண்ட விதி பழசாகவே இருந்தது. எல்லாருக்கும் கதிரை கிடைக்கவில்லை, சிலருக்கு நிலம்தான்.

தேத்தண்ணியும் அப்படித்தான். “தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது” எண்டு நாங்கள் ஏதோ ஆதிகாலத்து மரபு மாதிரிச் சொல்கிறோம். இலங்கையில் வணிகப் பயிராகத் தேயிலை தொடங்கியது 1867 இல், லூல்கந்துரவில். அதற்கு முந்தி வந்தவருக்கு மோரோ இளநீரோதான். அந்தத் தேயிலையைக் கொய்தவர்கள் மலையகத் தமிழர்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களும் அவர்கள்தான். எங்கள் உபசாரத்தின் மையமே இன்னொருவரின் உழைப்பு எண்டதை நாங்கள் கோப்பையைக் கையில் எடுக்கும்போது நினைப்பதில்லை.

இந்தத் தேத்தண்ணிக்காகவே வடக்கில் போராட்டம் நடந்தது. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் ஊத்திக் குடுத்த காலம் அது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் கடைக்குள் கிளாஸ் வரவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஊர்வலம் புறப்பட்டது, பொலிஸ் தாக்கியது. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. சங்கானையில் தேநீர்க்கடைகளுக்காகவும் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலுக்காகவும் மக்கள் நிண்டு போராடினார்கள், உயிர்களும் போயின. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972 இல் வந்தது இந்தப் பின்னணியில்தான்.

கடையும் கோயிலும் பொது இடங்கள், அங்கே சட்டத்தைக் கொண்டு போகலாம். ஆனால் வீட்டுப் படலையோடு சட்டம் நிண்டுவிடுகிறது. “என்ர வீடு, என்ர கோப்பை” எண்டு சொன்னால் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்காது. அதனால்தான் கடையில் தோற்ற வழக்கம் குசினிக்குள் வந்து ஒளிச்சுக்கொண்டது எண்டு நினைக்கிறேன். அதுக்குப் பிறகு வடிவம் மாறிக்கொண்டே வந்தது. ஒடுக்கப்பட்டோர் வீட்டுக்குச் செத்தவீடு, கலியாணவீடு எண்டு போக வேண்டி வந்தவர்கள் தேத்தண்ணியை மறுத்து, மூடி உடைக்காத சோடாவை மட்டும் வாங்கிக் குடிச்சார்கள். இப்ப கடதாசிக் கப் வந்திருக்கிறது. ஆருக்குக் குடுத்தாலும் எறியலாம், கேட்டால் “சுகாதாரம்” எண்டும் சொல்லலாம்.

யுத்தம் இதையெல்லாம் அழிச்சுப்போட்டது எண்டு சொல்லுவார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மம்மாவும் அந்த நெரிசலில் நடந்தவதான். முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் ஐந்து குடும்பங்கள் படுத்ததையும், அந்த வீட்டு அம்மா ஒரே கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊத்தினதையும் இன்றைக்கும் கண் கலங்கச் சொல்லுவா. அதே வாயால், கிணத்தில் ஆர் அள்ளுவது எண்டு பிறகு பிரச்சினை வந்ததையும் சொல்லுவா. பசியில் ஒரு சில நாள் மறந்ததை ஊருக்குத் திரும்பினதும் ஞாபகப்படுத்திக்கொண்டோம்.

அம்மம்மாவிடம் கடதாசிக் கப்பைப் பற்றிக் கேட்டேன். “நான் என்ன, பிள்ளையைப் பசியோடையா அனுப்பினனான்?” எண்டா. அவவின் கணக்கில் அது உபசாரம்தான். அவ கெட்ட மனுசி இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாக இருப்பதும் அதனால்தான். நானும் அன்றைக்கு அந்தக் கப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு நண்பி வீட்டுக்குப் போனேன். அவளின் அம்மா கதிரையைத் துடைச்சுப் போட்டா. பிறகு வாசலடியில் நிண்டுகொண்டு, “பிள்ளை, எங்கட வீட்டில தேத்தண்ணி குடிப்பியளோ, இல்லாட்டிச் சோடா வாங்கவோ?” எண்டு கேட்டா. அந்தக் கேள்விக்குள் எத்தனை வருச அனுபவம் இருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கள்.

“தேத்தண்ணி தாங்கோ அன்ரி” எண்டேன். குடிச்சு முடிஞ்சதும், இன்னொண்டு வேணும் எண்டும் கேட்டேன். அதால் ஒரு வரலாறும் மாறாது எண்டு தெரியும். அடுத்த முறை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால், அலுமாரியைத் திறக்கப் போறது நான்தான்.