கோப்பையின் முன் சிறுவன், கூண்டில் பெரியவன்

அமெரிக்கச் சட்டத்தில் 18 வயதுக்கும் 21 வயதுக்கும் நடுவே ஒரு விசித்திரமான மூன்றாண்டு இடைவெளி உண்டு. அவ்வயதினர் வாக்களிக்கலாம், பெரும்பாலான மாநிலங்களில் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிடலாம், போர்க்களத்துக்கும் அனுப்பப்படலாம். பொது இடத்தில் ஒரு புட்டி பியரை மட்டும் கையில் வைத்திருக்கலாகாது. பிடிபட்டாலோ, வயது போதாதவர் என்று குற்றஞ்சாட்டும் அதே சட்டம் அவரைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த முரண் எவ்வாறு உருவாயிற்று, கூண்டில் நிற்கும் அந்த இளைஞர் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்கு என்ன விலை என்பவற்றை நாம் இங்கே சற்று ஆராய்வோம்.

1933இல் மதுவிலக்கு முடிவுக்கு வந்தபோது மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களின் கைக்குப் போயிற்று. பெரும்பாலானவை 21 வயதை எல்லையாக வைத்தன. பின்னர் வியட்நாம் போர் வந்தது. சாகத் தகுதியான வயது வாக்களிக்கவும் தகுதியான வயதே என்ற குரல் வலுத்து, 1971இல் 26ஆம் அரசியல் சட்டத்திருத்தம் வாக்குரிமை வயதை 18 ஆக்கியது. அதையொட்டிப் பல மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன. விளைவு சாலைகளில் தெரிந்தது. இளையோர் ஓட்டிய வண்டிகளின் விபத்துகள் பெருகின. மாநிலத்துக்கு மாநிலம் வயது வேறுபட்டதால், எல்லை தாண்டிச் சென்று குடித்துவிட்டுத் திரும்புவோரும் இருந்தனர். 1980இல், குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவரால் 13 வயது மகளை இழந்த கேண்டி லைட்னர், தாய்மார்களின் இயக்கமொன்றைத் தொடங்கினார். அத்துயரமே அரசியல் விசையாயிற்று. 1984 ஜூலையில் அதிபர் ரீகன் புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார்.

அச்சட்டம் எவரையும் நேரடியாகக் குடிக்காதே என்று சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 21 வயது நிரம்பாதோர் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் தடைசெய்யாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்றுதான் சொன்னது. 19 வயதினருக்கு இலேசான பியரை அனுமதித்திருந்த தெற்கு டக்கோட்டா வழக்குத் தொடுத்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் நடுவண் அரசின் பக்கம் நின்றது. சாலை போடும் பணத்துக்கும் குடிக்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு மிகத் தொலைவானது என்று மறுப்புத் தீர்ப்பு எழுதினார் நீதிபதி ஓ'கானர். 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. சாலைகளில் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் மறுபக்கமாக ஆயிரக்கணக்கான இளையோர் சிறு நீதிமன்றங்களின் வாயிலில் வரிசையாக நின்றனர்.

அங்கே அவர்கள் முன் மூன்று சொற்கள் உள்ளன. குற்றவாளி; குற்றவாளி அல்லேன்; பல மாநிலங்களில், மறுப்பதற்கில்லை என்ற மூன்றாவது. கடைசிச் சொல் குற்றத்தை ஒப்புவதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. பின்னால் வரக்கூடிய உரிமையியல் வழக்கில் அதைப் பொதுவாக ஒப்புதலாகக் காட்ட முடியாது. தண்டனையில் மட்டும் வேறுபாடில்லை. 2001 மே மாதத்தில், அன்றைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் 19 வயது மகள் டெக்சாஸில் தேர்ந்தெடுத்தது இச்சொல்லைத்தான். சமூகப்பணியும் மது விழிப்புணர்வு வகுப்பும் விதிக்கப்பட்டன. மூன்றாம் முறை சிக்கும் இளையோருக்குச் சிறை வரை இடம்தரும் கடுமையான டெக்சாஸ் சட்டத்தில், 1997இல் ஆளுநராகக் கையொப்பமிட்டவர் அவருடைய தந்தையே.

அதிபரின் மகளுக்கு வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு? 1967இல் கால்ட் வழக்கில், சிறார் நீதிமன்றத்தில் நிற்கும் சிறுவனுக்கும் வழக்கறிஞர் உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1969இல் பாய்கின் வழக்கில், ஒருவர் விளைவறிந்து, தம் விருப்பத்தின் பேரில்தான் குற்றத்தை ஒப்புகிறார் என்பது நீதிமன்ற ஏட்டிலேயே தெரியவேண்டும் என்றது. ஆனால் 1979இல் வந்த ஸ்காட் வழக்கின் தீர்ப்போ, உண்மையில் சிறைத்தண்டனை விதிக்கப்படாத சிறு குற்றங்களில் ஏழைக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டிய கட்டாயமில்லை என்றது. அபராதத்தோடு முடியும் மது வழக்கு இந்தப் பிளவில்தான் விழுகிறது. சிறார் நீதிமன்றத்தின் இரகசியக் காப்பும் இல்லை. இலவச வழக்கறிஞரும் இல்லை. 19 வயதுப் பிள்ளை தானே முடிவெடுக்கவேண்டும். அபராதத்தைக் கட்டிவிட்டு வகுப்புக்கு ஓடலாமே என்றுதான் அவ்வயதில் மனம் சொல்லும்.

அபராதம் ஒரு நாளில் தீரும், பதிவு தீராது. வண்டியையே தொடாதவரின் ஓட்டுநர் உரிமத்தைக்கூட முடக்கிவைக்கப் பல மாநிலங்களின் சட்டங்கள் இடம் தந்தன. வேலைக்கான விண்ணப்பத்திலும் உரிமம் வழங்கும் வாரியங்களிலும் பழைய தண்டனை பற்றிய கேள்வி எழும். சில மாநிலங்களில் 21 வயதுக்குப் பின் அப்பதிவை நீக்கக் கோரலாம் என்பது ஓர் ஆறுதல்.

அங்கே படிக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1996இன் குடியேற்றச் சட்டத் திருத்தத்தின்படி, ஒருவர் குற்றத்தை ஒப்பியோ மறுக்காமலோ இருந்து, நீதிபதி ஏதேனுமொரு தண்டனையையும் விதித்திருந்தால், மாநிலம் பின்னர் வழக்கையே தள்ளிவிட்டாலும் அது தண்டனைத் தீர்ப்பாகவே கொள்ளப்படலாம். மது வைத்திருந்த குற்றம் மட்டுமே நாடுகடத்தலுக்குப் பொதுவாகக் காரணமாகாது. பொய் அடையாள அட்டை சேர்ந்தால் கதை மாறக்கூடும். 2010இல் பாடியா வழக்கில், குற்றத்தை ஒப்பினால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதை அயல்நாட்டவரான தம் கட்சிக்காரருக்கு எடுத்துரைப்பது வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞரே இல்லாதவருக்கு எடுத்துரைப்பவர் யார் என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் இடமில்லை.

எந்தச் சொல்லைச் சொல்வது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. அது சான்றுகளையும் மாநிலச் சட்டத்தையும் பொறுத்தது. ஆயினும் முதல்நாளே விடை சொல்லிவிடாமல் அவகாசம் கேட்பதும், கைப்பணம் செலவானாலும் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வதும் எவருக்கும் தீங்காகா. குடிப்பதற்கு முதிர்ச்சி போதாது என்று 20 வயதினரைப் பற்றித் தீர்மானித்த ஒரு சமூகம், வாழ்நாள் முழுதும் பின்தொடரக்கூடிய ஒரு முடிவை அவர் துணையின்றி எடுக்கும் அளவுக்கு முதிர்ந்தவர் என்று எப்படி நம்புகிறது? நாற்பதாண்டுகளாக அந்தக் கேள்வி விடையின்றி நிற்கிறது.