திரையில் சாதியும் இளங்காதலும்: சாவு வந்த வழி

மராட்டிய மண்ணில் பாத்திரக் கடை வைத்துப் பிழைக்கிறவனுக்கு சினிமா ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். சாதி தடுத்த காதலை நம் நாட்டுப் படங்கள் பல பாஷைகளில் சொல்லியிருக்கின்றன. அவற்றில் சிலதை வருஷ வரிசையில் வைத்துப் பார்த்தால் நம்மைப் பற்றியே ஒரு சரித்திரம் கிடைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1936-இல் பம்பாய் டாக்கீஸ் எடுத்த இந்திப் படம் ‘அச்சூத் கன்யா’. ரயில்வே கேட் காவலாளியின் மகள் கஸ்தூரி. அவள் விரும்பியது பிராமணப் பையன் பிரதாப்பை. கடைசியில் ரயிலை நிறுத்த ஓடிப்போய் அவள் சாகிறாள். 1954-இல் மலையாளத்தில் ‘நீலக்குயில்’. உயர்சாதி வாத்தியார் கைவிட்ட நீலி, பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தண்டவாளத்து ஓரம் இறந்து கிடக்கிறாள். இரண்டிலும் தாழ்த்தப்பட்ட பெண்தான் சாகிறாள். கொன்றவன் என்று ஒருத்தனும் இல்லை. எல்லாம் விதி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போகலாம்.

நாகராஜ் மஞ்சுளே வந்த பிறகு மராத்தியில் அந்த வசதி போச்சு. ‘ஃபண்ட்ரி’ (2013) படத்தில் ஜப்யா என்ற பையன், தான் விரும்பும் பெண் பார்த்துக்கொண்டிருக்க, பன்றி பிடிக்க வேண்டியிருக்கிறது. ஊரே சிரிக்கிறது. கடைசியில் அவன் எறியும் கல் நேரே நம்மை நோக்கி வருகிறது. ‘சைராட்’ (2016) இன்னும் ஒரு படி மேலே. 100 கோடியைத் தாண்டி, அதுவரை எந்த மராத்திப் படமும் காணாத வசூல். பாட்டுக்கு ஆடத்தான் ஜனங்கள் போனார்கள். ஊரை விட்டு ஓடி ஹைதராபாத்தில் குடித்தனம் நடத்தும் ஜோடியைத் தேடி, பெண்ணின் சகோதரன் ஆட்களோடு வருகிறான். கையில் அம்மா கொடுத்தனுப்பிய சாமான்கள். அவள் டீ போட்டுக் கொடுக்கிறாள். அப்புறம் மிஞ்சுவது குழந்தையும் அதன் ரத்தக் காலடித் தடமும்தான். இங்கே கொன்றது ரயில் இல்லீங்க, கூடப் பிறந்தவன்.

நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். பாஷை கற்றோம், சாப்பாடு மாற்றினோம். வரன் பார்க்கும்போது மட்டும் பழைய ஊர்த் தெருவுக்கே திரும்பிப் போய்விடுகிறோம். சாதி மாறிய கல்யாணம் பிடிக்காத பெற்றோர் உறவை வேண்டுமானால் முறித்துக்கொள்ளலாம், மிரட்டவோ துன்புறுத்தவோ கூடாது என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சட்டம் அவ்வளவுதான் கேட்க முடியும். உறவை ஏன் முறிக்க வேண்டும் என்பதை வீட்டில் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் ஒரு பெயரைச் சொல்லும் நாள் வருவதற்கு முன்னாலேயே.