சி.என்.சி. லேத் நிறுவல்

எண்களும் எழுத்துகளும் கொண்ட நிரலின்படி உலோகத்தைக் கடையும் சி.என்.சி. லேத்தை ஒரு பட்டறையில் முதன்முறையாக அமைத்து, மட்டம் பார்த்து, மின்னிணைப்புக் கொடுத்து, ஓடவைக்கும் பணி நிறுவல் எனப்படும். எடுத்துக்காட்டாக, கனடாவில் மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள கர்க்லாண்டில் இப்பணியைச் செய்வதென்றால், மின்சாரத்தை முதலில் கவனிக்க வேண்டும். கனடாவின் தொழிற்கூடங்களில் 600 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மும்முனை மின்சாரம் பரவலாக இருப்பதால், கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்குப் பழக்கமான 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கென அமைந்த எந்திரத்தை அங்கே அப்படியே இணைக்க முடியாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதிர்வெண்ணும் பொருந்த வேண்டும்.

பணியின் உயிர்நாடி மட்டம் பார்ப்பதே. மீட்டருக்கு 0.02 மி.மீ. சரிவையும் காட்டும் நுண் ரசமட்டத்தை லேத்தின் படுகையின் மீது நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்து, அடித்திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருக, குமிழி மெல்ல நகர்ந்து நடுக்கோடுகளுக்கிடையே நிற்கும். அவசரம் இங்கே பெரும் பிழை: படுகை சற்றே முறுக்கிக்கொண்டாலும், நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும், கடையப்படும் உருளை ஒரு முனையில் பருத்துக் கூம்பாகிவிடக்கூடும். அடுத்து ஒவ்வொரு வெட்டுளியின் முனை இருக்கும் இடத்தையும் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்கும் ஆஃப்செட் அளவுகள் பதியப்பட்டு, சோதனை உருளை கடையப்பட்டு மைக்ரோமீட்டரால் அளக்கப்படுகிறது. தளம் எடையேற்று அமர்ந்தபின், சில வாரங்களில் மட்டம் மீண்டும் பார்க்கப்படுகிறது.