பல் விழுவது விதியா? தேயிலை மலைகள் சொல்லும் ஒரு சரித்திரம்

 

"வயது போனால் பல் விழத்தானே செய்யும், அது அல்லாஹ்வின் ஏற்பாடு" என்று நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் கசிந்தால், "உடம்பில் சூடு" என்று கூறி அதை மறந்துவிடுகிறோம். இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரியானது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய சரித்திரம் ஒன்று உண்டு. அது ஐரோப்பாவின் மாளிகைகளில் மட்டும் எழுதப்பட்டதன்று. நம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் எழுதப்பட்டது. கலவானயின் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வாழும் நாம் அதனை அறிந்திருப்பது அவசியம்.

1965 ஆம் ஆண்டு ஹெரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞரும் அவரது சகாக்களும் டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆரோக்கியமான முரசு உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்திக்கொண்டனர். பத்து நாட்கள் முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் முரசு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது நீங்கியது. பற்களின் மீது படியும் கண்ணுக்குத் தெரியாத கிருமிப் படலமே முரசு நோயின் ஆரம்பம் என்பது இதனால் தெளிவாயிற்று. நோயைக் கொண்டுவந்ததும் போக்கியதும் உடற்சூடு அல்ல, துலக்காமையும் துலக்கலுமே.

ஆனால் ஆயுள் முழுவதும் துலக்காமலே விட்டால் என்னவாகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி 1970 இல் அக்குழுவினர் இலங்கைக்கு வந்தனர். பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹெரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதித்தனர். பற்சுகாதாரம் பற்றிய போதனையோ பற்சிகிச்சையோ ஒருபோதும் எட்டியிராத மக்கள் அவர்கள். பல ஆண்டுகள் இடைவெளி விட்டு அதே மனிதர்கள் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். 1985 இல் எஞ்சியிருந்தோர் 161 பேர். முடிவுகள் 1986 இல் வெளியாயின.

அந்த முடிவுகளைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். எல்லோருடைய பற்களிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன. எல்லோருடைய முரசும் அழற்சியுற்றிருந்தது. எனினும் எல்லோரும் ஒரே விதமாகப் பாதிக்கப்படவில்லை. சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. அவர்கள் இருபது வயதளவிலேயே பற்களை இழக்கத் தொடங்கி, 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 40 இல் 20 பற்களையும், 45 இல் பற்கள் அனைத்தையும் இழந்தனர். 81 சதவீதத்தினருக்கு நோய் மிதமாக வளர்ந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. எஞ்சிய 11 சதவீதத்தினருக்கு முரசு அழற்சியோடு நோய் நின்றுவிட்டது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களிடம் சூத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. சொத்தை இல்லாத உறுதியான பற்களே விழுந்தன! ஏனெனில் பல்லைத் தாங்கும் முரசும் எலும்பும் உள்ளே அரிக்கப்பட்டிருந்தன. மண் சரிந்த மலைச்சரிவில் மரம் நிற்குமா? மழைக்காலத்தில் நம் இரத்தினபுரி மாவட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்நோய் பெரும்பாலும் வலிப்பதுமில்லை. வலியில்லை என்பதனாலேயே நாம் ஏமாந்துபோகிறோம்.

சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர்கள் 2010 இல் மீண்டும் அத்தோட்டங்களுக்குச் சென்று, 1970 இல் பரிசோதிக்கப்பட்டவர்களுள் 75 பேரைக் கண்டறிந்து பரிசோதித்தனர். காரையை அகற்றுவதும் முரசு அழற்சியை ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்துவதும்தான் பல்லைக் காக்கும் என்பதே அவர்கள் வந்தடைந்த முடிவு.

சகோதரர்களே! இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இந்த ஆய்வைப் படிக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிலாளர்களின் பெயர்களை எவரும் படிப்பதில்லை. ஒரு நோய் முற்றிவருவதை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்ப்பது மட்டும் போதுமா, அவர்களின் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்திருக்க வேண்டாமா என்ற கேள்வியும் மனசாட்சியில் எழாமல் இல்லை. ஏழை எளியோரின் வாயிலிருந்து கிடைத்த அறிவு இது. அதை அலட்சியம் செய்வது அவர்களுக்கு நாம் செய்யும் இன்னுமோர் அநீதியாகும்.

நமது சரித்திரத்தையும் சற்றுப் புரட்டுவோம். உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையாயின், ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். தமது இறுதி வேளையிலும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மென்று மிருதுவாக்கிக் கொடுத்த மிஸ்வாக்கினால் அவர்கள் பல் துலக்கினார்கள். ஸ்பெயினின் கொர்தோபாவில் வாழ்ந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, பற்களில் படியும் காரை முரசையும் கெடுக்கும் என்று எழுதி, அதனைச் சுரண்டி எடுக்கும் கருவிகளை வரைந்தும் காட்டினார். இத்தகைய பாரம்பரியத்தின் பிள்ளைகளாகிய நாம், வாய் நாற்றத்தோடு பள்ளிவாசலின் ஸப்பில் நிற்பது எவ்வாறு தகும்?

எனவே செய்ய வேண்டியவை யாவை? காலையிலும் இரவு உறங்கச் செல்லுமுன்னும் புளோரைட் உள்ள பற்பசை கொண்டு, மிருதுவான தூரிகையால், பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்தை மென்மையாகத் துலக்குங்கள். மிஸ்வாக்கையும் அவ்வோரம் படும்படி பயன்படுத்துங்கள். முன்பற்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். செங்கல் தூளும் கரித்தூளும் பல்லைத் தேய்த்துவிடும். பல்லிடுக்குகளையும் நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். ரமழானில் ஸஹர் உணவுக்குப் பின் துலக்கத் தவறாதீர்கள்.

இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துவது பெரும் தவறு. அது நோயை வளர்க்கும். இரண்டு வாரங்கள் ஒழுங்காகத் துலக்கியும் இரத்தம் நிற்காவிட்டால் வைத்தியரை நாடுங்கள். கல்லாக இறுகிய காரையைத் தூரிகையால் அகற்ற முடியாது. அதற்கு அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. "காரை எடுத்தால் பல் ஆடும்" என்பது பிழையான பேச்சு. பல் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்ததைக் காரை மறைத்திருக்கும், அவ்வளவே.

புகைத்தல் முரசு நோயைத் தீவிரப்படுத்துவதோடு, இரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்தும் விடும். புகையிலையும் பாக்கும் சேர்ந்த வெற்றிலையோ வாய்ப் புற்றுநோய்க்கு வழியாகும். பாக்கு மட்டுமே மெல்வதும் அவ்வாறே. நீரிழிவு உள்ள பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீரிழிவு முரசு நோயைக் கூட்டும், முரசு நோய் சீனியின் கட்டுப்பாட்டைக் குலைக்கும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை அந்த 8 பேரில் ஒருவரா, 11 பேரில் ஒருவரா என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். அது அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. ஆனால் தூரிகை நம் கையில் உள்ளது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். பற்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. இன்று இஷாத் தொழுதபின் உங்கள் பிள்ளைகளை அருகில் அழைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, முரசின் நிறத்தைப் பாருங்கள். அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்காததை உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் அதனைப் பேணும் நல்லறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.