உறக்க மூச்சுத்தடையில் பல் மருத்துவம்

உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோய்க்குப் பல் மருத்துவர்கள் செய்யும் மருத்துவம், பல் மருத்துவத்தில் பிற்காலத்தில் கிளைத்த ஒரு துறை. கீழ்த்தாடையை இரவு முழுவதும் சற்று முன்னால் நிறுத்தி வைக்கும் வாயணியே இதன் முதன்மைக் கருவி. 'ஸ்லீப் ஆப்னியா' என்று இன்று எல்லோரும் சொல்லும் பெயர் இந்நோய்க்கு நிலைபெற்றது 1970-களில்தான். அதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு முன்பே அந்த வாயணியின் மூலவடிவம் பாரிஸில் ஒரு பல் மருத்துவரின் கையில் உருவாகியிருந்தது.

நோயின் இயல்பு

மூச்சுக்குழாயைத் தாங்கக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. மூக்கைத் தாங்க எலும்பு உண்டு. இடையிலுள்ள தொண்டையைத் திறந்து வைத்திருப்பவை தசைகளே. உறக்கத்தில் அவை தளர, நாக்கின் அடியும் மெல்லண்ணமும் பின்னால் சரிகின்றன. பாதை குறுகும்போது மெல்லண்ணம் அதிர்ந்து குறட்டை எழுகிறது. பாதை மூடும்போது குறட்டையும் நின்றுபோகிறது. வீட்டார் அஞ்ச வேண்டியது அந்த அமைதிக்குத்தான். பத்து வினாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அது ஒரு தடை. ஒரு மணி நேர உறக்கத்தில் நேரும் முழுத் தடைகளையும் அரைத் தடைகளையும் கூட்டி நோயை அளக்கிறார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது. கடுமையான நோயாளி ஏழு மணி நேரம் உறங்கினால் இருநூறு தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது. விடிந்ததும் அவருக்கு அதில் ஒன்றுகூட நினைவிருப்பதில்லை.

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கொள்வதும், கும்பகர்ணன் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதும் நம் வீடுகளில் வழக்கம். உண்மையில் அது கலைந்துகொண்டே இருக்கும் உறக்கம். பகலில் கண் சொருகுவது, மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம், வண்டி ஓட்டும்போது அயர்ந்துபோவது ஆகியவை இதன் விளைவுகள். ஆசியர் பலரிடம் உடல் பருமன் இல்லாமலே இந்நோய் காணப்படுகிறது. அவர்களிடம் தாடையின் அமைப்பே பெரும்பங்கு வகிக்கிறது. மூச்சு விடும் கட்டளை மூளையிலிருந்தே வராமல் போகும் மைய வகை மூச்சுத்தடை வேறு. அதில் பல் மருத்துவருக்கு வேலையில்லை.

முன்வரலாறு

தாடையை முன்னே கொண்டுவந்தால் மூச்சு திறக்கும் என்பதை முதலில் கண்டவர்கள் குளோரோஃபார்ம் கொடுத்த அறுவை மருத்துவர்கள். மயக்கத்தில் நாக்கு பின்னால் விழுந்து நோயாளி நீலம் பாரிக்கும்போது, தாடைக் கோணங்களில் விரல் கொடுத்துக் கீழ்த்தாடையை முன்னே தூக்கும் முறையை நார்வேயின் யாக்கோப் ஹைபர்க் 1874-இல் விவரித்தார். ஜெர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் ஃபிரீட்ரிஷ் ஃபான் எஸ்மார்க் அதைப் பரப்பினார். மயக்க மருத்துவர்கள் இன்றும் செய்வது இதையேதான். விளக்கம் எளிது. நாக்கின் பெருந்தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில், மோவாய்க்குப் பின்னே ஒட்டியிருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் உடன் வந்தாக வேண்டும்.

அதே காலத்தில் பல் மருத்துவர்களும் தாடையை முன்னே நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நோக்கம் மூச்சன்று, முகத்தோற்றமும் பல் கடிப்பும். நியூயார்க்கின் நார்மன் கிங்ஸ்லி, மேல் அண்ணத்தில் சாய்தளம் வைத்த ஒரு தகட்டைப் பொருத்தினார். வாயை மூடும்போதெல்லாம் கீழ்ப்பற்கள் அந்தச் சாய்வில் வழுக்கி முன்னே வரும். வாய்க்குறைகள் பற்றிய அவருடைய பெருநூல் 1880-இல் வெளிவந்தது.

இவ்விரு ஓடைகளையும் ஒன்றாகக் கண்டவர் பாரிஸின் பல் மருத்துவர் பியர் ரோபின் (1867–1950). மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் ஒரே துண்டாகக் கவ்விக்கொள்ளும் 'மோனோபிளாக்' என்ற கருவியை அவர் 1902-இல் விவரித்தார். சிறுத்துப் பின்வாங்கிய தாடையோடு பிறக்கும் குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தபின், நாக்கின் அடி தொண்டையில் சரிவதே அவர்களுடைய மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று 1923-இல் எழுதினார். பால் கொடுக்கும்போது அக்குழந்தைகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னதும் அவரே. தாடை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பின்தங்கிய குழந்தை ஒன்றரை வயதைத் தாண்டியதைத் தாம் கண்டதில்லை என்று 1934-இல் அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை தாய்மார் இருந்திருப்பார்கள் என்று எண்ணாமல் அதைக் கடக்க முடியாது. சிறுதாடை, பின்சரிந்த நாக்கு, மூச்சடைப்பு மூன்றும் சேர்ந்த நிலை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. குழந்தைகளின் வேறு பல நலிவுகளுக்கும் நாக்கையே காரணம் காட்டியது அவருடைய மிகை. ஆனால் உடற்கூற்றை அவர் சரியாகவே படித்தார். இத்துறையின் தந்தை என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

ரோபினுக்குப் பின் கருவி மட்டும் வளர்ந்தது. அதன் காரணம் மறக்கப்பட்டது. பல் மருத்துவர் விக்கோ ஆண்ட்ரெசன் 1908-இல் கோடை விடுமுறைக்குப் போகும் தம் மகளின் பல் கிளிப்பைக் கழற்றிவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய ஒரு தகட்டைக் கொடுத்தனுப்பினார். விடுமுறை முடிந்து திரும்பியபோது கடிப்பு மேலும் சீரடைந்திருந்தது. அதிலிருந்து 'ஆக்டிவேட்டர்' பிறந்தது. ஜெர்மனியில் எமில் ஹெர்ப்ஸ்ட் இருபுறமும் தொலைநோக்கிபோல் நீளும் குழல்களை வைத்து ஒரு கருவி செய்தார். அது வழக்கொழிந்து, 1979-இல் சுவீடனின் ஹான்ஸ் பாங்கெர்ட்ஸால் மீண்டது. இன்றைய உறக்க வாயணிகள் பலவற்றில் ஹெர்ப்ஸ்ட்டின் குழல்களைக் காணலாம்.

மருத்துவ உலகம் நோயைக் கண்டது 1965-இல். மார்செய்யில் ஹென்றி காஸ்டோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் உறங்குபவரின் மூச்சு நின்று நின்று வருவதைக் கருவிகளில் பதிவு செய்தார்கள். அப்போது இருந்த உறுதியான மருத்துவம் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது ஒன்றே. 1981-இல் சிட்னியின் காலின் சலிவன், மூக்குவழி இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் முறையை ஐந்து நோயாளிகளிடம் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே சிகாகோவில் ரோசலிண்ட் கார்ட்ரைட், சார்லஸ் சாமெல்சன் இருவரும் நாக்கை உறிஞ்சி முன்னே பிடித்துவைக்கும் மென்குமிழ்க் கருவியின் பலனை வெளியிட்டார்கள். 1984-இல் ஜெர்மனியில் மையர்-ஏவெர்ட் குழுவினர் தாடையை முன்தள்ளும் வாயணியை இந்நோய்க்குப் பொருத்தினார்கள். 'எஸ்மார்க் பல்லணி' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். மயக்க மருத்துவரின் விரல்கள் செய்த வேலையை இரவு முழுவதும் அது செய்தது.

கருவியும் அதன் வேலையும்

பல் மருத்துவர் இரு தாடைகளுக்கும் அளவெடுத்து, மேலும் கீழுமாக இரண்டு தகடுகள் செய்கிறார். நோயாளி தாடையை எவ்வளவு முன்னே நீட்ட முடியுமோ அதில் பாதி அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத் திருகி நகர்த்துவது வழக்கம். பாதை முன்பின்னாக மட்டும் விரிவதில்லை. மெல்லண்ணத்தின் பின்புறத்தில் அது பக்கவாட்டில் அதிகம் விரிகிறது. நாக்கையும் அண்ணத்தையும் இணைக்கும் தசைகள் இழுபடுவதே காரணம். ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பத்து உறுதியான பற்களாவது இருந்தால்தான் தகடு நிற்கும். முழுப் பல்செட் அணிபவர்களுக்கு நாக்கைப் பிடித்துவைக்கும் மென்குமிழ்க் கருவியே பொருந்தும்.

மூச்சுத்தடையைக் குறைப்பதில் சிபேப்பே வலியது. ஆனால் முகமூடியோடு உறங்க முடியாமல் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுபவர்கள் பலர். சிட்னியில் நூறு பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், சிபேப், வாயணி இரண்டையும் ஒவ்வொரு மாதம் பயன்படுத்தியவர்களின் பகல் தூக்கமும் உடல்நல அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. வாயணியை அவர்கள் கூடுதல் நேரம் அணிந்ததே காரணம். அணியப்படுகிற கருவியே நல்ல கருவி.

தொல்லைகளும் உண்டு. உமிழ்நீர் பெருகும். காலையில் தாடை மூட்டு வலிக்கும். பற்கள் சரியாகச் சேராமல் சற்று நேரம் விலகி நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மேல் முன்பற்கள் உள்ளேயும் கீழ் முன்பற்கள் வெளியேயும் சாய்ந்து, கடிப்பே மாறிவிடும். இதைக் கவனித்துவரப் பல் மருத்துவர் வேண்டும் என்பதால்தான் கடையில் வாங்கி வெந்நீரில் மென்மையாக்கிக் கடித்துக்கொள்ளும் வகையை ஏற்க முடியாது.

கண்டறிதலில் பங்கு

நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பொறுப்பு. அதற்கு உறக்க ஆய்வு வேண்டும். ஆனால் நோயாளியின் வாயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர் பல் மருத்துவர். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடங்கள், இரவில் கடித்துத் தேய்ந்த பற்கள், உயர்ந்து குறுகிய அண்ணம், பின்தங்கிய தாடை, காலையில் வாய் உலர்தல் ஆகியவை அவர் கண்ணில்தான் முதலில் படும். நாக்கை நீட்டச் சொல்லி உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் மல்லம்பட்டி அளவுகோலும் அவருக்குப் பயன்படுகிறது. ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் மயக்க மருத்துவராக இருந்த சேஷகிரி மல்லம்பட்டி 1985-இல் அதை மூன்று படிகளாக வகுத்தார். நான்காம் படி 1987-இல் பிறரால் சேர்க்கப்பட்டது.

குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு அகற்றுவது முதல் மருத்துவம். குறுகிய மேல்தாடை இருந்தால் அதை நடுவே திருகி விரிக்கும் கருவி உதவும். கருவி 1860-இலிருந்து அறியப்பட்டது. மூச்சுத்தடையுள்ள 31 குழந்தைகளிடம் அதன் பலன் 2004-இல் இத்தாலியிலிருந்து வெளியானது. கடும் நோயுள்ள பெரியவர்களுக்கு இரு தாடைகளையும் அறுத்து முன்னே நகர்த்தும் அறுவையை ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ரைலியும் நெல்சன் பவலும் 1980-களில் வளர்த்தெடுத்தார்கள்.

இன்றைய நிலை

அமெரிக்காவில் இத்துறைக்கான கழகம் 1991-இல் தொடங்கியது. அங்குள்ள பல் மருத்துவச் சங்கம், நோயாளிகளிடம் உறக்க மூச்சுக்கோளாறுகளைத் தேடிக் கேட்பதைப் பல் மருத்துவரின் கடமையாக 2017-இல் அறிவித்தது. 2015-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, சிபேப் ஏற்காதவர்களுக்கும் வேறு மருத்துவம் விரும்புபவர்களுக்கும் அளவெடுத்துச் செய்த, திருகி நகர்த்தக்கூடிய வாயணியே தர வேண்டும். கணினி அளவீட்டிலும் முப்பரிமாண அச்சிலும் இவை இப்போது செய்யப்படுகின்றன. பொருத்திய பின் மறுபடியும் உறக்க ஆய்வு செய்து பார்க்க வேண்டும். குறட்டை நின்றும் மூச்சுத்தடை தொடர்வது உண்டு.