மரப் பொருள்கள் கூறும் தோட்ட வரலாறு

மேசை, அலமாரி என்னும் சொற்கள் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. பெட்டி என்னும் தமிழ்ச்சொல் மலாய் மொழியில் புகுந்து இன்றும் வழங்குகிறது. தேக்கு என்னும் பெயர் போர்த்துக்கீசியர் வாயிலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. தட்டுமுட்டுப் பொருள்களின் பெயர்களிலேயே இத்துணை வரலாறு உண்டெனின், அப்பொருள்களில் அடங்கியிருப்பது இன்னும் மிகுதி என்பதில் ஐயமில்லை.

சிலாங்கூர் மாநிலத்துப் பூச்சோங், இரப்பர்த் தோட்டங்களும் ஈய லம்பங்களும் சூழ்ந்திருந்த வட்டாரம். கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அவை மறைந்து, குடியிருப்பு நகர் எழுந்தது. கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிலைத்துள்ளன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. பள்ளிக்கு மேசையும் பெஞ்சும், கிராணியின் அலுவலகத்துக்கு அலமாரியும், துரையின் பங்களாவுக்குச் சாய்வு நாற்காலியும் வேண்டியிருந்தன. தோட்டங்கள் கலைந்தபின் இத்தகைய பொருள்கள் பல பழைய சாமான் கடைகளைச் சேர்ந்தன. தோட்டத்து ஏடுகள் பெரும்பாலும் அழிந்த நிலையில், இவையே எஞ்சிய சான்றுகள். ஆயின் இச்சான்றைப் படிக்கும் முறை யாது?

முதலில் காண வேண்டுவது மரம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் இரப்பர் மரங்கள் நின்ற நாட்டில், தோட்டத்துப் பழைய மேசை இரப்பர் மரத்தாலாகியது என எண்ணுவது இயல்பே. உண்மை அதற்கு மாறானது. இரப்பர் மரத்தில் மாச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பற்றும். பின்னர் வண்டு துளைத்து மரம் உளுத்துப்போகும். ஆகவே பால் வற்றிய மரங்கள் நெடுங்காலம் விறகாகவே எரிந்தன. இரப்பர்ப் பாளங்களை உலர்த்தும் புகைக்கூடங்களுக்கும் அதுவே எரிபொருள். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் மரத்துள் செலுத்திச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே, 1980களில் அது தட்டுமுட்டுப் பொருள்களுக்குரிய தலைமை மரமாயிற்று. ஆதலின், வெளிர் மஞ்சள் நிறத்தில், சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்த பலகையைக் கண்டால், அது 1950களின் பொருளன்று எனத் துணியலாம்.

அக்காலத்துப் பொருள்களில் காணக்கூடியவை தேக்கு, செங்கால், மெராந்தி, நியாத்தோ போன்ற மரங்கள். தேக்கு மலாயாவின் இயற்கை மரமன்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. தொட்டால் எண்ணெய்ப் பசை தோன்றும். புதிதாகச் சீவிய இடத்தில் தோல் மணம் எழும். செங்கால் இந்நாட்டு வன்மரம். தூக்குவோர் அதன் கனத்தை உடனே உணர்வர். அதில் காணும் ஊசித்துளைகள் மரம் காட்டில் நின்றபோதே நேர்ந்தவையாதல் கூடும். துளையிலிருந்து புதிய மாவு உதிர்ந்தால் மட்டுமே உயிருள்ள வண்டு இருப்பதாகக் கொள்ளவேண்டும்.

அடுத்தது பொருத்து. ஒரு கட்டையில் துளையிட்டு, மற்றொன்றின் முனையைச் செதுக்கி அதில் நுழைப்பது பழைய தச்சு முறை. அதில் இடப்பட்ட பசை வஜ்ஜிரமாயின் பழுப்பாய், கண்ணாடிபோல் நொறுங்கும். நான்கு வாய்த் திருகாணி 1930களில் அமெரிக்காவில் தோன்றியது. அதனைக் கண்டவுடன் பொருளே பிற்காலத்தது என முடிவு செய்தலும் தவறு; திருகாணி மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். கல்வெட்டாராய்ச்சியைப் போலவே, ஒரு சான்றைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே காலம் கணிக்க வேண்டும்.

பழுது நீக்கும்போதுதான் இச்சான்றுகள் பெரிதும் அழிகின்றன. பொருளை வாங்கியவுடன் இழைப்புளியால் சீவிப் புது மெருகு பூசுவோர் பலர். அதனால் மேற்பரப்பிலுள்ள மைக்கறையும், பிள்ளைகள் கீறிய எழுத்தும், தோட்ட முத்திரையும் ஒருங்கே மறையும். முதலில் அடிப்பக்கத்தையும் இழுப்பறையின் பின்புறத்தையும் பார்த்து, உள்ள குறிகளைப் படம் எடுத்து வைத்தல் நன்று. மறைவான இடத்தில் எரிசாராயம் தோய்த்த பஞ்சை ஒற்றினால், அரக்கு மெருகு இளகும்; பிற்கால பாலியூரிதேன் பூச்சு இளகாது. அரக்கு மெருகை முற்றும் சுரண்ட வேண்டுவதில்லை. மேலும் ஒரு மெல்லிய பூச்சு அதனோடு ஒன்றிவிடும். ஆடுகின்ற கால்களுக்கு ஆணி அடித்தல் கூடாது, மரம் பிளக்கும். வஜ்ஜிரம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகுமாதலால், பொருத்தை உடையாமல் பிரித்து, மீண்டும் ஒட்டலாம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் அத்தூள் மூச்சில் கலந்து, சிறப்பாகச் சிறுவர்க்குக் கேடு செய்யும்.

ஏட்டின் ஓரம் செல்லரித்தது என்று எழுத்தைச் சுரண்டுவோர் இலர். மேசையும் ஓர் ஏடே. அதனை நிமிர்ந்து நிற்கச் செய்வது பழுது நீக்குவோர் கடமை. புதியதாகத் தோன்றச் செய்வது அன்று. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் முழங்கை ஊன்றித் தேய்த்த பள்ளத்தை எந்தத் தச்சராலும் மீண்டும் உண்டாக்க இயலாது.